வாசம் போகாமல் இடித்தல்

லவெண்டர் என்றதும் எங்கள் பெரியநீலாவணையில் பலருக்கு ஞாபகம் வருவது சவர்க்காரமும் முகப்பவுடரும்தான். கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் விடுமுறையில் வருகிறவர்கள் கொண்டுவரும் ஊதாநிறப் போத்தல்கள் அதற்கு அடுத்தபடி. நான் கையால் தொட்டுப் பழகிய லவெண்டர் வேறு. அது சாக்குக்குள் கிடந்தது. சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில் விரல் நுனியளவு காய்ந்த கதிர்கள், இடையிடையே குச்சி, தூசி, சில வேளை சிறு கல். யூனானி வைத்தியத்தில் அதன் பெயர் உஸ்துகுத்தூஸ். தாவரவியலில் லவண்டுலா ஸ்டீக்கஸ். வாசனை எண்ணெய்க்காக வயல் வயலாக வளர்க்கிற லவண்டுலா அங்கஸ்டிஃபோலியாவுக்கு நெருங்கிய சொந்தம். இரண்டுமே துளசி, புதினாக் குடும்பத்துச் செடிகள்.

இந்தச் சரக்கை இனங்காணவும், துப்புரவாக்கி இடித்துச் சலிக்கவும், கடைசியில் இத்ரீபல் உஸ்துகுத்தூஸ் என்ற லேகியமாகக் கிண்டி இறக்கவும் எனக்குக் கற்றுத்தந்தவர் பக்கத்து ஊரான மருதமுனையில் இருக்கும் ஒரு யூனானிப் பரிசாரியார். உம்மாவின் வழியில் தூரத்து உறவு, எனக்கு மாமா முறை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் இங்கே அவர் மாமா மட்டும்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியன் அல்ல. இலங்கையில் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் யூனானி, சித்த வைத்தியர்களும் பதிவுபெற்றே தொழில் செய்ய வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் யூனானிக்குப் பட்டப்படிப்பும் இருக்கிறது. மாமா பதிவுபெற்றவர். நாடி பிடிப்பது, நோயைத் தீர்மானிப்பது, யாருக்கு எவ்வளவு என்று சொல்வது எல்லாம் அவருடைய வேலை. நான் கற்றது அவருடைய பின்முற்றத்துத் தகரக் கூரைக்குக் கீழே நடக்கிற வேலையை. மருந்து செய்கிற கையும் நோய் பார்க்கிற கண்ணும் வெவ்வேறு என்பதை அவர் எனக்கு அடிக்கடி நினைவூட்டுவார்.

அவரிடம் எழுதப்பட்ட கையேடு எதுவும் இல்லை. அவருடைய வாப்பா அரபுத் தமிழில் எழுதிவைத்திருந்த கொப்பி ஒன்று இருந்ததாம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது அதுவும் போனது, கண்ணாடிச் சாடிகளும் போயின. மிஞ்சியவை ஓர் இரும்பு உரலும், ஒரு கல்லுரலும், அடிப்பக்கம் நெளிந்த செம்புச் சட்டியும். அளவுகளையெல்லாம் ஞாபகத்திலிருந்து மறுபடி மீட்டுக்கொண்டார். “எழுதினது போச்சு, கை போகல்ல” என்று ஒருமுறை சொன்னார். அவர் என்னை எதையும் எழுதிக்கொள்ள விடாததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் வேலை சுளகு. உஸ்துகுத்தூஸைக் கொட்டிப் புடைத்து, குச்சி, தூசி நீக்கிக் கதிரை மட்டும் எடுக்க வேண்டும். வீட்டில் அரிசி புடைத்துப் பழகிய கை எனக்கு. அதே வேகத்தில் புடைத்தேன். அரிசிக்குக் கனம் உண்டு, அது திரும்பிச் சுளகிலேயே விழும். இந்தக் கதிருக்குக் கனமே கிடையாது. தூசியோடு கதிரும் பறந்து முற்றமெல்லாம் பரவியது. கல் மட்டும் விசுவாசமாகச் சுளகில் தங்கியது. மாமா ஏசவில்லை. பரவிக் கிடந்ததைக் காட்டி, “பொறுக்கு மருமகன்” என்றார். பொறுக்கினேன். குனிந்து ஒவ்வொரு கதிராக எடுத்தபோதுதான் எது கதிர், எது உதிர்ந்த காம்பு, எது வேறு ஏதோ புல்லின் தலை என்று விரலுக்குப் புரிந்தது. பிறகு சுளகைப் பிடித்துக் காட்டினார். தூக்கி வீசக் கூடாது. ஒரு பக்கம் சாய்த்து, மணிக்கட்டை மட்டும் அசைத்தால் கல் கீழே உருளும், கதிர் மேலே தங்கும், தூசியை வாயால் மெல்ல ஊதிவிடலாம். எளிமையாகத் தோன்றும். என் மணிக்கட்டு அதை ஏற்றுக்கொள்ள ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது.

அடுத்தது மூக்கு. கொஞ்சம் கதிரை உள்ளங்கையில் வைத்து மற்றக் கையால் கசக்க வேண்டும். உடனே முகரக் கூடாது. கையை மூடிக் கொஞ்சம் பொறுத்துத் திறந்தால் முதலில் கற்பூரம் ஏறும். அது தணிந்ததும் அடியில் மெல்லிய இனிப்பு ஒன்று வரும். நாக்கு நுனியில் வைத்தால் கசப்பு, கொஞ்சம் உறைப்பு. இந்த மூன்றும் அதே வரிசையில் வந்தால்தான் சரக்கு நல்லது. கற்பூரம் மட்டும் அடித்து இனிப்பு வராவிட்டால் பழையது. எதுவுமே வராவிட்டால் அது மருந்தே அல்ல.

கற்பூர மணத்துக்குக் காரணத்தைப் பின்னாளில் படித்து அறிந்தேன். இந்த லவெண்டரின் எண்ணெயில் கற்பூரமும் ஃபென்கோன் என்ற பொருளும் மிகுதி. வாசனைப் போத்தலுக்குப் போகும் லவெண்டரில் லினலூல், லினலைல் அசிட்டேட் இரண்டும் மேலோங்கி நிற்பதால் அது மென்மையாக, பூ மணமாக இருக்கிறது. மாமாவுக்கு இந்தப் பெயர்களில் அக்கறை இல்லை. நான் சொன்னபோது கேட்டுவிட்டு, “அதத்தான் நான் மூக்கால செல்லித்தந்தன்” என்றார். உண்மைதான்.

ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த சாக்கைத் திறந்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கதிர்கள் முழுசாக, தடிப்பாக, தூசியே இல்லாமல் இருந்தன. துப்புரவாக்கும் வேலை மிச்சம் என்று உடனே சுளகில் பரப்பினேன். மாமா ஒரு பிடி எடுத்துக் கசக்கி என் கையில் கொட்டினார். முகர்ந்தேன். காய்ந்த புல்லைத் தவிர எந்த மணமும் இல்லை. அது பிருனெல்லா வல்காரிஸ் என்ற வேறு செடி. துணைக்கண்டத்துச் சந்தைகள் சிலவற்றில் உஸ்துகுத்தூஸ் என்ற பெயரிலேயே அதுவும் விற்கப்படுகிறது. ஒரே குடும்பத்துச் செடியாகையால் கதிரின் அமைப்பு கண்ணை ஏமாற்றும். சாக்கைத் திருப்பி அனுப்பும் முன் அதில் ஒரு பிடியை மாமா எடுத்துவைத்தார். அதன்பிறகு பல நாள் அஸர் தொழுகை முடிந்ததும் இரண்டையும் தனித்தனியாகக் கசக்கி, கண்ணை மூடவைத்து என் மூக்கருகே நீட்டுவார். தடிமன் பிடித்த நாளிலும் நீட்டுவார். அன்று தடுமாறுவேன். “தடிமன் காய்ச்சல்ல சரக்கு வாங்கப் போகாத” என்பது அன்றைய பாடம்.

இந்தச் செடியின் பழைய வரலாற்றை மாமா வேலைக்கு நடுவே துண்டு துண்டாகச் சொல்வார். கிறித்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் டயஸ்கொரிடீஸ், இன்றைய பிரான்சின் தென்கரைக்கு அப்பால் உள்ள ஸ்டொய்கடீஸ் தீவுகளில் இது விளைவதாக எழுதியிருக்கிறார். அங்கிருந்து அறபு மருத்துவத்துக்கு வந்து, இப்னு சீனாவின் ‘அல்கானூன்’ நூலில் இடம்பெற்றது. மூளையில் தேங்கும் சளியையும் கருப்பித்தத்தையும் பெருக்கி வெளியேற்றும் என்பதால் யூனானிக்காரர்கள் இதை மூளையின் விளக்குமாறு என்று அழைக்கிறார்கள். நாட்பட்ட பீனிசம், தலையிடி, மனச்சோர்வு ஆகியவற்றுக்கு நூல்கள் இதைச் சொல்கின்றன. மத்தியதரைக் கடலோரத்து வறண்ட மலைச்சரிவில் பூத்தது, வங்காள விரிகுடாவின் ஈர மணலில் இருக்கிற எங்கள் முற்றத்துச் சுளகுக்கு வந்து சேர்வதை நினைத்து நான் பலமுறை வேலையை மறந்து நின்றிருக்கிறேன்.

அதை இங்கேயே வளர்க்கலாமே என்று ஆசைப்பட்டு, நுவரெலியாப் பக்கம் போய்வந்த நண்பரிடம் லவெண்டர் கன்று ஒன்று வாங்கிச் சட்டியில் நட்டேன். வாடைக்காற்று மழை தொடங்கியதும் வேர் அழுகிப் போனது. லவெண்டருக்கு ஈரக்கால் ஆகாது.

இனி இடிப்பதைப் பற்றி. இத்ரீபல் வகை லேகியங்களுக்கு அடிப்படை கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும். கடுக்காயில் பிஞ்சும் முற்றியதும் என்று வகைகள் சேரும். உஸ்துகுத்தூஸ் பூவோடு ரோஜா இதழ் போன்ற வேறு சரக்குகளும் செய்முறைக்குச் செய்முறை கூடிக் குறையும். இத்தனையையும் எடைபோட்டு வைத்த அன்று மாமா தொழுகைக்குப் போயிருந்தார். நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து எல்லாவற்றையும் ஒன்றாக இரும்பு உரலில் போட்டு இடித்தேன். கடுக்காய்த் தோல் மரக்கட்டைபோன்ற கடினம் உள்ளது, லேசில் உடையாது. அது உடைவதற்குள் பூ எப்போதோ தூளாகி, மறுபடி மறுபடி அடி வாங்கிக்கொண்டிருந்தது. உரல் சூடேறியிருந்ததை நான் கவனிக்கவில்லை. தூளோ பார்வைக்கு அருமையாக, சீராக, மென்மையாக இருந்தது. பெருமையோடு காட்டினேன்.

மாமா ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். கடுக்காயின் துவர் மணம் மட்டும் இருந்தது. பூ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. “வாசம் போனா மருந்து போச்சு” என்றார். அந்தத் தூளை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு போத்தலில் அடைத்து, இறாக்கையில் என் கண்மட்டத்தில் வைத்தார். பல மாதங்கள் நான் இடிக்கும்போதெல்லாம் அது எனக்கு எதிரே இருந்தது. அன்று பட்ட வேதனை பெரிது. ஆனால் அந்தப் போத்தலைப் போல் எனக்குப் பாடம் சொன்ன வாத்தியார் வேறில்லை.

பிறகு ஒழுங்காகச் சொல்லித்தந்தார். காய்கள் முதலில். கச்சான் வீசும் மாதங்களில் மேற்கே வயல் பக்கத்திலிருந்து வரும் சுடுகாற்றில் அவற்றைக் காயவைத்தால் கை வைத்ததும் முறியும். வாடை மாதங்களில் அதே காய் ஈரம் குடித்து ரப்பராக வளையும், எவ்வளவு இடித்தாலும் நார்தான் மிஞ்சும். அதனால் காய் இடிப்பது கச்சான் காலத்து வேலை. ஒவ்வொரு காயையும் கொட்டை நீக்கித் தனித்தனியாக இடித்து, தனித்தனியாகச் சலிக்க வேண்டும். பூ கடைசியில். அதுவும் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, வெயில் ஏறுமுன், இரும்பை விட்டுக் கல்லுரலில். “குழவியத் தூக்காத, உருட்டு” என்பார். ஒரு பிடி பூவுக்கு மேல் போடக் கூடாது. குழவிக்குக் கீழே கதிர் முதலில் வழுக்கும், பிறகு மெல்ல நொறுங்குகிற ஒரு வறண்ட சத்தம் வரும், பிறகு சத்தமே இல்லாமல் குழவி கனத்துப் போகும். கனம் கையில் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் உருட்டுகிற ஒவ்வொரு சுற்றும் வாசத்தைக் காற்றுக்குக் கொடுப்பதுதான். அந்தக் கனத்தைக் கை கண்டுகொள்ளும்வரை நான் அரைத்த பூவெல்லாம் ஒன்று பாதி நொறுங்கியது, அல்லது வாசம் செத்தது. நடுவில் எதுவும் எனக்கு அகப்படவில்லை.

சலிப்பதற்கு அரிதட்டு போதாது, சீலை வேண்டும். மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊராகையால் மெல்லிய பருத்திச் சீலைக்குப் பஞ்சமில்லை. சாடியின் வாயில் சீலையைத் தொய்வாகக் கட்டி, தூளை இட்டு, விளிம்பில் தட்டித் தட்டி இறக்க வேண்டும். தட்டினால் மெதுவாகத்தான் இறங்கும். பொறுமையிழந்து உள்ளங்கையால் தேய்த்தேன். மளமளவென்று இறங்கியது. மாமா அந்தத் தூளில் கொஞ்சத்தை என் தொண்டையில் போட்டு விழுங்கச் சொன்னார். முள் குத்தியது. தேய்த்தால் நாரின் நுனிகள் நெட்டாகத் திரும்பிச் சீலைக் கண் வழியே நுழைந்துவிடும். தட்டினால் அவை படுத்தே கிடக்கும், கீழே போகாது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தூளை உருட்டினால் அது ரேகைகளுக்குள் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும், உருளுகிற மணி எதுவும் தட்டுப்படக் கூடாது. விரலுக்குத் தப்புவதை நாக்கு பிடித்துவிடும். கடைசித் தீர்ப்பு நாக்கினுடையதே.

காய்த் தூள்களை அப்படியே பாகில் போடக் கூடாது. முதலில் வாதுமை எண்ணெயிலோ பசுநெய்யிலோ பிசறிவைக்க வேண்டும். கடுக்காயின் வறட்சியை அது அடக்கும், வயிற்றைப் பிடித்து இழுக்காமல் காக்கும், லேகியம் நாளடைவில் கல்லாகாமல் மென்மையாக வைத்திருக்கும். பிட்டுக்கு மாவு பிசறுகிற பக்குவம்தான்: பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், பெருவிரலால் தொட்டால் உதிர வேண்டும். உம்மா பிட்டு அவிப்பதை நாள்தோறும் பார்த்து வளர்ந்ததால் இந்த ஒரு படி மட்டும் எனக்கு விரைவில் கைவந்தது. நெய் கூடிப்போன சாடி ஒன்றில் மேலே எண்ணெய் மிதந்து காறல் மணம் வந்ததைத் தவிர இதில் சொல்ல அதிகம் இல்லை.

பாகு அப்படியல்ல. என் தோல்விகளில் பெரும்பகுதி அந்தச் செம்புச் சட்டிக்குள்தான் நடந்தது.

தூளின் எடைக்கு மூன்று மடங்கு இனிப்பு என்பது வழக்கமான கணக்கு. தேன் மட்டும் வைத்துச் செய்வதும் உண்டு, சீனியும் தேனும் கலந்து செய்வதும் உண்டு. தேனைத் தனியாகச் சூடாக்கி, மேலே வரும் நுரையை அகப்பையால் எடுத்தெறிந்து துப்புரவாக்க வேண்டும். சீனியைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிப் பதம் பார்க்க வேண்டும். ஒரு சொட்டைப் பெருவிரலில் எடுத்து, சுட்டுவிரலால் ஒட்டிப் பிரித்தால் இழை வரும். ஓர் இழை சர்பத்துக்கு. இத்ரீபலுக்கு மூன்று இழை தெளிவாக நின்று, அறாமல் கொஞ்சத் தூரம் நீள வேண்டும்.

நான் இழையைச் சரியாகத்தான் பார்த்தேன். மூன்று இழை நின்றதும் அடுப்பை அணைத்து, தூளைத் தேடி எடுத்து வந்து, நிதானமாகக் கொட்டிக் கிண்டினேன். மறுநாள் காலை அகப்பை லேகியத்தில் நட்டபடி நின்றது. இழுத்தால் சட்டியும் சேர்ந்து வந்தது. நெருப்பு அணைந்தாலும் செம்பு அணைவதில்லை, அதன் சூட்டில் பாகு தொடர்ந்து இறுகும் என்பதை அப்போது அறிந்தேன். மூன்றாவது இழை அரைமனதாக வரும்போதே சட்டியை இறக்கி ஈர மணலில் வைத்துவிட வேண்டும்.

அதற்குப் பயந்து அடுத்தமுறை முன்னதாகவே இறக்கினேன். அது வாடை மாதம். காற்றே தண்ணீராக இருக்கும். லேகியம் பார்க்க அழகாக, பளபளப்பாக இருந்தது. இளஞ்சூட்டோடு சாடியில் அடைத்து மூடியும்விட்டேன். சில வாரங்களில் மூடியைத் திறந்தபோது காற்று சீறி வந்தது. கள்ளின் புளித்த மணம். மூடியின் உட்புறத்தில் தண்ணீர் முத்துக்கள், ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம். பாகில் தண்ணீர் மிச்சம் இருந்ததும், ஆறாமல் மூடியதால் ஆவி திரும்பித் துளியாக விழுந்ததும் சேர்ந்து அதைப் புளிக்கவைத்துவிட்டன. ஒரு சட்டி மருந்து, அத்தனை நாள் பொறுக்கிப் புடைத்த பூ, கச்சானில் காயவைத்த காய், எல்லாவற்றையும் தோட்டத்தில் குழி தோண்டிக் கொட்டினேன். மாமா அருகில் நின்று, கொட்டி முடியும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிறகு, “மனிசர்ர வயித்துக்குப் போகாம மண்ணுக்குப் போனதுக்கு அல்ஹம்துலில்லாஹ் செல்லு” என்றார்.

மூன்றாவது வகைத் தோல்வி சீனி பூப்பது. லேகியத்துக்குள் மணல் மணலாகச் சீனி மறுபடி உறைந்துவிடும். சட்டியின் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த சீனியை நான் சுரண்டிப் பாகுக்குள் தள்ளியதே காரணம். அந்த ஒரு மணி, சுற்றியுள்ள பாகையெல்லாம் தன்பக்கம் இழுத்துக் கெட்டியாக்கிவிடும். அதன்பிறகு ஓரத்தை ஈரத் துணியால் துடைக்கவும், சீனி கரைந்ததும் கிண்டுவதை நிறுத்தவும், சில துளி தேசிக்காய்ச் சாறு விடவும் பழகினேன்.

இந்த மூன்றையும் தாண்டிய பிறகும் மாமா என் லேகியத்தை ஏற்கவில்லை. பதம் சரி, இனிப்பு சரி, பூவின் வாசம் பாதிதான் இருந்தது. காய்த் தூளையும் பூத் தூளையும் ஒரே நேரத்தில் கொதிபாகில் கொட்டுவதை அவர் அன்றுதான் கண்டார். காய் சூட்டைத் தாங்கும், பூ தாங்காது. காய்த் தூளை முதலில் சேர்த்துக் கிண்டி, சட்டியை ஆறவிட்டு, கடைசியில் பூவைச் சேர்க்க வேண்டும். எவ்வளவு ஆற வேண்டும் என்று கேட்டேன். சட்டியின் வெளிப்புறத்தில் புறங்கையை வைத்து, நிதானமாக ஒரு சூரத்துல் ஃபாத்திஹா ஓதி முடிக்க முடிந்தால் அதுதான் பூவுக்கான சூடு என்றார். நானும் வைத்தேன். பாதி ஆயத்திலேயே கையை இழுத்துக்கொண்டேன். காத்திருந்து மறுபடி வைத்தேன். முழுவதும் ஓதி முடித்தபோது பூவைப் போட்டேன். சட்டியிலிருந்து கற்பூரமும், அதற்குப் பின்னால் அந்த மெல்லிய இனிப்பும் எழுந்தன. சுளகில் முகர்ந்த அதே வரிசை.

கை தேறியது என்று எனக்கே தெரிந்த நாள் ஒன்று உண்டு. மாமா ஒரு மையித்து வீட்டுக்குப் போயிருந்தார், அடுப்பில் பாகு. இழை பார்க்க விரலை நீட்டுமுன்பே காதில் ஒரு மாற்றம் கேட்டது. தண்ணீர் நிறைய இருக்கும்போது கொதி படபடவென்று அவசரமாகப் பேசும். தண்ணீர் வற்ற வற்றக் குமிழ் பெரிதாகி, நிதானமாக, கனத்துப் பேசும். சத்தம் கனத்த இடத்தில் சட்டியை இறக்கினேன். இழை பார்த்தேன், சரியாக இருந்தது. மாமா திரும்பி வந்து லேகியத்தில் ஒரு துளியை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தார். ஒன்றும் சொல்லாமல் வுழூச் செய்யப் போனார். அடுத்த வாரம், நோயாளி ஒருவருக்குக் கொடுக்க அவர் எடுத்த சாடி என்னுடையது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எண்ணெய் காய்ச்சுவதையும் அதற்குப் பிறகு சொல்லித்தந்தார். பூவின் கஷாயத்தை நல்லெண்ணெயில் விட்டு, தண்ணீர் முற்றாக வற்றும்வரை சிறு தீயில் காய்ச்சி வடிப்பது. பஞ்சுத் திரியை அதில் தோய்த்துக் கொளுத்தினால் வெடிக்காமல் எரிய வேண்டும். சடசடத்தால் தண்ணீர் மிச்சம் இருக்கிறது. நெற்றியிலும் பொட்டிலும் தடவ இது போகிறது. பூவைக் கொதிக்கவைத்து ஆவி பிடிக்கவும் சொல்வார்.

யார் வாங்குகிறார்கள் என்றால், தறியில் குனிந்திருந்து தலைப்பாரம் என்று வருகிறவர்கள், சூடடிக்கும் காலத்தில் நெல் தூசியால் மூக்கடைத்து வருகிற வயல்காரர்கள், வாடை தொடங்கியதும் பீனிசம் தொடங்குகிறவர்கள். மூச்சு இலகுவாகிறது, தூங்க முடிகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எல்லோரும் அப்படிச் சொல்வதில்லை. கர்ப்பிணிகளுக்கு மாமா இதைக் கொடுப்பதில்லை. கடுக்காய் வயிற்றை இளக்கும் என்பதால் வயிற்றோட்டம் உள்ளவர்களுக்கும் இல்லை. பித்த உடம்புக்காரர்களுக்குக் குமட்டலும் தாகமும் வரும் என்று நூல்களே எச்சரிக்கின்றன. தலையிடியோடு கழுத்து விறைப்பு, பார்வை மங்கல், திடீர் வாந்தி என்று யாராவது வந்தால் சாடியைத் தொடவே மாட்டார். முச்சக்கர வண்டி பிடித்துக் கல்முனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். இந்தத் தொழிலில் நான் அதிகம் மதிப்பது அவருடைய அந்த நிதானத்தை.

ஊதாப் போத்தல் லவெண்டரை மாமா குறைத்துப் பேசியதில்லை. மச்சான் கட்டாரிலிருந்து கொண்டுவந்த போத்தலை நான் கொண்டுபோனபோது, ஒரு துளியை வெள்ளைக் கடதாசியில் விட்டுக் காத்திருக்கச் சொன்னார். ஆவியாகி அடையாளமே இல்லாமல் போனால் கொழுப்பெண்ணெய் கலக்காதது. நெய்ப்பசை வட்டமாகத் தங்கினால் கலந்தது. மச்சானுடையதில் வட்டம் தங்கியது. நல்ல எண்ணெயையும் வெளிச்சத்திலும் திறந்தபடியும் வைக்கக் கூடாது. காற்றுப் பட்டுப் பழசான லவெண்டர் எண்ணெய் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும்.

அந்த எண்ணெய்க்குத் தனி வரலாறு இருக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மொரீஸ் கட்டஃபொஸே 1910இல் ஆய்வுகூட விபத்தில் கை வெந்தபோது லவெண்டர் எண்ணெயைப் பயன்படுத்தியதாக எழுதினார். வாசனை எண்ணெய் மருத்துவத்துக்கு ‘அரோமாதெரபி’ என்ற பெயரை 1937இல் நூலாக்கித் தந்தவரும் அவரே. ஜெர்மனியில் 80 மில்லிகிராம் லவெண்டர் எண்ணெய் அடைத்த குளிசை பதற்றத்துக்குக் கொடுக்கப்படுகிறது. 2010இல் வெளியான ஆய்வொன்றில் அது குறைந்த அளவு லொராசெபாமுக்கு ஏறத்தாழ நிகராகப் பதற்றத்தைக் குறைத்தது. இதைப் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் வாசனைப் போத்தலை யாரும் வாயில் விடக் கூடாது. அந்தக் குளிசை அளந்து, சோதித்துத் தயாராவது. நமக்குப் பக்கத்து நாட்டிலேயே, ஜம்மு காஷ்மீரின் தோடா மாவட்டத்துப் பதர்வா பள்ளத்தாக்கில் சோளம் விதைத்த விவசாயிகள் பலர் இந்திய அரசின் வாசனைப் பயிர்த் திட்டத்தின் துணையோடு லவெண்டருக்கு மாறி, எண்ணெய் வடித்து விற்கிறார்கள். அங்கே போய் அந்த வாலையடுப்பின் பக்கத்தில் ஒரு பருவம் நிற்க வேண்டும் என்பது எனக்குள்ள பெரிய ஆசை.

இப்போது கச்சான் வீசுகிறது. இந்தப் பருவத்துக்கான காய்களை இடித்து முடித்துவிட்டேன். நேற்று மாமா நெல்லித் தூளை நாக்கில் வைத்துவிட்டு, “இன்னும் நார் இரிக்கி மருமகன்” என்றார். விரலுக்குத் தப்பியது அவருடைய நாக்குக்குத் தப்பவில்லை. சீலையை மாற்றிக் கட்டி, நெல்லியை மட்டும் மறுபடி சலித்துக்கொண்டிருக்கிறேன். பூ இன்னும் சாக்கிலேயே இருக்கிறது. அதைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும்.